மலையேறி வரும் மருந்துக்கும் சட்டம் உண்டு

உதகமண்டலம் நீதிமன்றத்தில் 30 ஆண்டுகளாக மருத்துவம் சார்ந்த வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

*பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். டாக்டராக வேண்டும் என்று ஆசை. ஆனால் நீட் தேர்வில் அவ்வளவு மதிப்பெண் வராது என்று தெரிகிறது. சட்டம் படித்துவிட்டு ஆஸ்பத்திரி, மருந்து சம்பந்தமான வேலைக்குப் போக முடியுமா? நீங்கள் எப்படி இதற்கு வந்தீர்கள்?*
– ஒரு மாணவி, பந்தலூர்

பந்தலூர் என்று பார்த்ததும் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் அந்தப் பக்கத்து லயனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், அட்டைக் கடி, கவாத்துக் கத்தி வெட்டு எல்லாவற்றுக்கும் அப்பாதான். எந்த மாத்திரை, யாருக்கு, எத்தனை என்று நீளமான ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைப்பார். மாதக் கடைசியில் அதைக் கூட்டிக் கொடுப்பது என் வேலை.

எனக்குப் 12 வயது இருக்கும்போது, ஓர் ஆடி மழை ராத்திரியில், மூன்றாவது லயனில் ஓர் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. டாக்டர் வரும் நாள் இல்லை. கொழுந்து ஏற்றும் லாரியில் ஜமக்காளம் விரித்துக் கிளம்பினார்கள். தேவாலா போகும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டி நகர்த்துவதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கா மட்டும் பிழைத்து வந்தார்.

அடுத்த மாதம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ரெஜிஸ்டரைப் புரட்டினார். டாக்டர் வராத நாட்களிலும் அவர் வந்ததாகக் கையெழுத்து இருந்தது. அதிகாரி டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அப்பா வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்: "சட்டத்துல எல்லாம் இருக்குதாம் பாப்பா. நமக்குப் படிச்சுக் காட்டத்தான் ஆள் இல்ல."

கோவை சட்டக் கல்லூரி நூலகத்தில் 1951-ஆம் ஆண்டின் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் தேடி எடுத்தேன். பிரிவு 10. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உடனே கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டியது தோட்ட முதலாளியின் கடமை. அவர் செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளரே அந்த வசதியைச் செய்துகொடுத்து, செலவை முதலாளியிடம் வசூல் செய்யலாம். நின்றுகொண்டே படித்தேன். அந்த அதிகாரி குடித்துவிட்டுப் போன டீதான் கண் முன்னால் வந்தது. இப்போது அந்தச் சட்டம் 2020-ல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் மற்ற 12 சட்டங்களோடு சேர்க்கப்பட்டுவிட்டது. உங்கள் தலைமுறை படிக்க வேண்டியது அந்தத் தொகுப்பைத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும், நிச்சயமாக முடியும். நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது கோவை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதென்றால் கிளாட் தேர்வு எழுத வேண்டும். படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு. முன்பெல்லாம் பதிவுக்கே பல ஆயிரம் புரட்ட வேண்டியிருந்தது. நான் அம்மாவின் தோட்டை அடகு வைத்தேன். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் பணத்துக்குப் பயந்து இந்தப் படிப்பைத் தவிர்க்காதீர்கள். பதிவுக்கு அப்புறம் அகில இந்திய பார் தேர்வு ஒன்றும் உண்டு.

மருத்துவச் சட்டம் என்று தனியாக ஒரே ஒரு சட்டம் கிடையாது. மருந்துக்கு 1940-ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கேன் மையங்களுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பு மாற்றுக்கு அதே 1994-ல் வந்த இன்னொரு சட்டம், மனநலத்துக்கு 2017, மருத்துவக் கழிவுக்கு 2016-ன் விதிகள் என்று சிதறிக் கிடக்கும். கல்லூரியில் இவற்றில் பாதியைக்கூடச் சொல்லித் தர மாட்டார்கள். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, மருத்துவச் சட்டத்திலும் நெறிமுறையிலும் அஞ்சல் வழியில் ஒரு முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. பட்டம் வாங்கிய பிறகு அதைப் பாருங்கள். அதற்கு முன்பே ஒன்று செய்யலாம். ஒரு கேஸ் ஷீட்டை, அதாவது ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எழுதும் சிகிச்சைக் குறிப்பை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அடுத்து எப்போது பார்த்தார்கள், நடுவில் யார் பணியில் இருந்தார்கள் என்று. எனக்கு அது அப்பாவின் ரெஜிஸ்டரிலிருந்து வந்தது. உங்களுக்குத் தெரிந்த நர்ஸ் அக்கா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

*நீதிமன்றம் போவதைத் தவிர இந்தத் துறையில் வக்கீலுக்கு என்ன வேலை இருக்கிறது? என் மகனுக்கு வாதாடுவதில் ஆர்வம் இல்லை, படிப்பதிலும் எழுதுவதிலும்தான் ஆர்வம்.*
– ஒரு தந்தை, கோத்தகிரி

அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு அதிகம் தேவை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விதிகள் எழுதப்படவில்லை. எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, ஒரு கிளினிக்கில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று விதிகள்தான் சொல்லும். அவை 2018-ல்தான் வந்தன. 21 வருடம் அந்தச் சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அந்த 21 வருடத்தில் நம்மிடம் வாதாட வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. உட்கார்ந்து விதி எழுத ஆள் வேண்டும், எழுதச் சொல்லி விடாமல் கேட்க ஆள் வேண்டும். அது கொள்கை வேலை. அரசுத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு அமைப்புகள் இதற்கு ஆள் எடுக்கின்றன.

இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். 2019-ன் விதிப்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் சட்டம் தெரிந்தவர், ஒருவர் சாதாரணப் பொதுமக்களில் ஒருவர். கோவையில் அப்படியொரு குழுவில் சில வருடம் இருந்தேன். ஒருமுறை தமிழில் ஓர் ஒப்புதல் படிவம் வந்தது. "பாதகமான நிகழ்வு ஏற்படும் பட்சத்தில் தன்னார்வப் பங்கேற்பாளர்" என்று தொடங்கும் வாக்கியம் முடிவதற்கு ஏழு வரி ஆனது. மருந்தின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, 40 வருடம் கொழுந்து பறித்த என் பெரியம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதச் சாப்பிட்டு ராத்திரில எனக்கு ஏதாச்சும் ஆனா, யாரு வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போவாங்க?"

படிவத்தில் இழப்பீடு இருந்தது, இலவச சிகிச்சை இருந்தது. வண்டி இல்லை. சமவெளியில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது. ராத்திரி 11 மணிக்கு மஞ்சூரிலிருந்து கோவை போக என்ன செலவாகும், எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத்தான் தெரியும். அந்தப் பெரியம்மா கேள்வியை அப்படியே குழுவில் வைத்தேன். படிவம் திருத்தப்பட்டது. வண்டிக்கு யார் பொறுப்பு, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வரி சேர்ந்தது. நான் ஜெயித்த வழக்குகள் பல மறந்துவிட்டன. அந்த இரண்டு வரி மறக்கவில்லை.

பெரிய மருத்துவமனைகளும் மருந்து கம்பெனிகளும் சட்ட அலுவலர்களை வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. மாதச் சம்பளம் நிச்சயம். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. வேலையில் சேரும்போது பதிவை நிறுத்திவைக்க வேண்டும். இதை மகனுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

*ஒழுங்குமுறை, கட்டுப்பாடு என்று நீங்கள் எப்போதும் ஆதரித்துப் பேசுகிறீர்கள். எங்கள் ஊர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை 2008-ல் இழுத்து மூடினார்களே, அதுவும் அதே ஒழுங்குமுறையின் பெயரில்தானே நடந்தது?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

ஐயா, இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. குன்னூர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எதிரே அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1902-ல் இந்த மலையில் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய்க் கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சை தர அப்போது ஓர் இடம் இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு, ஓர் அமெரிக்கர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூர் நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் வெறிநாய்க் கடி மருந்தோடு, குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசியும் அங்கே தயாராகி நாடு முழுவதும் போனது. 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, சென்னை கிண்டி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. மருந்து விதிகளின் அட்டவணை எம் சொல்லும் நல்ல உற்பத்தி நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பது காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 பிப்ரவரியில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அட்டவணை எம் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மூலப்பொருளை ஒழுங்காகச் சோதித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். விதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆனால் 2008-ல் நடந்ததை நான் ஆதரிக்கவில்லை, அன்றும் ஆதரிக்கவில்லை. மூன்றும் அரசின் நிறுவனங்கள். கட்டடம் பழசு, கருவி பழசு என்றால் அதைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்க வேண்டியதும் அதே அரசுதான். உரிமத்தை நிறுத்தும் அதிகாரமும் பணம் கொடுக்கும் பொறுப்பும் ஒரே வீட்டில் இருந்தன. ஒரு கை நிறுத்தியது, இன்னொரு கை சும்மா இருந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஊசிக்கு நாடு யாரிடம் போய் நிற்கும் என்று முதலில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்செய்யக் காலக்கெடு கொடுத்து, அதற்கு நிதியும் கொடுத்திருக்க வேண்டும். மூடு என்று உத்தரவு எழுத அரை நாள் போதும். எப்படித் திறப்பது என்று சேர்த்து எழுதுவதற்குத்தான் கொள்கை தெரிந்த வக்கீல் வேண்டும். இளம் வக்கீல்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது குன்னூர்க் கதையைத்தான்.

*என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் வைத்திருந்தோம். கேஸ் ஷீட் நகல் கேட்டால் "அதெல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லை" என்கிறார்கள். ஆஸ்பத்திரி கேரளாவில் இருப்பதால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?*
– ஒரு வாசகர், எருமாடு

வழக்கம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே கிடையாது, தம்பி. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2 என்று ஒன்று இருக்கிறது. நோயாளியோ அவர் அங்கீகரித்த உறவினரோ ஆவணம் கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இவை நாடு முழுவதற்கும் பொருந்தும். வாயால் கேட்காதீர்கள். அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் போன மறுநாளே நகல் வந்துவிடுகிறது.

பந்தலூர் தாலுகாவில் உடம்புக்கு முடியாதவர்கள் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போவது காலகாலமாக நடப்பது. ஊட்டி வருவதைவிட அவர்களுக்கு அது பக்கம். பழைய நுகர்வோர் சட்டப்படி, ஆஸ்பத்திரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும். கூலி வேலை செய்கிறவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேரளா போய் நிற்க முடியாமல், பாதியிலேயே விட்டுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது உதகமண்டலம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

ஆனால் ஒன்று. ஆவணம் கையில் வரும் வரை, டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். என்னிடம் வரும் பத்துப் பேரில் சிலருக்குக் கேஸ் ஷீட்டைப் படித்துக் காட்டி, "இதில் அவர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை, அம்மாவின் நோய் அப்படி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிச் சொல்வதும் வக்கீலின் வேலைதான். அழுதுவிட்டு, பாரம் இறங்கியதுபோல் எழுந்து போவார்கள்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு ஒரு வரி சேர்த்துச் சொல்கிறேன். நிர்வாகம் பணம் கட்டி உங்களை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் நீங்கள் நுகர்வோர்தான். வேலை நிபந்தனையின்படி முதலாளி மருத்துவச் செலவை ஏற்றால் அந்தச் சிகிச்சையும் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நீங்களா காசு கொடுத்தீங்க?" என்று யாராவது கேட்டால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

*நான் ஒரு சிறிய கிளினிக் நடத்துகிறேன். மருத்துவக் கழிவை எடுக்க வண்டி சமவெளியிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் நாலைந்து நாள் வராது. 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி. நான் என்ன செய்ய?*
– ஒரு மருத்துவர், குந்தா

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரம் உங்கள் பக்கத்துக்கு ரேஷன் வண்டியே வரவில்லை. கழிவு வண்டி எப்படி வரும்?

2016-ன் விதியில் 48 மணி நேரம் என்று படித்தவர்கள், அதற்கு அடுத்த வரியைப் படிப்பதில்லை. தவிர்க்க முடியாமல் கூடுதல் நேரம் வைக்க வேண்டி வந்தால், அது மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு செய்யாதபடி பார்த்துக்கொண்டு, காரணத்தை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். நம் மாநிலத்தில் அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தச் சாலை, எந்தத் தேதி, எத்தனை கிலோ, எந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ரத்தம் பட்ட பஞ்சு போன்ற கழிவைப் போடும் மஞ்சள் பையில் இருப்பதை முதலில் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள்.

தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைக்கலாமா என்று சில மருத்துவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஆழப் புதைப்பது, பொதுச் சுத்திகரிப்பு வசதியே எட்டாத கிராமப்புறங்களுக்கு வாரியம் அனுமதி தந்தால் மட்டும்தான். உங்கள் தோட்டத்துக்குக் கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

75 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு பொது வசதி, படுக்கைகள் குறைவாக இருக்கும் பகுதியில் 150 கிலோமீட்டர் வரை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதே தப்பு, மணியில்தான் அளக்க வேண்டும். மழைக்கால மாதங்களுக்கு மாவட்டத்துக்குள்ளேயே குளிர்பதன வசதியோடு ஓர் இடைக் கிடங்கு வேண்டும் என்று நீங்கள் நாலு டாக்டர்கள் சேர்ந்து ஆட்சியருக்கு மனு எழுதினால், அதை வரைந்து தர நான் தயார்.

*டாக்டர் கோவையிலிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாமா?*
– மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், கூடலூர்

கொடுக்கலாம். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், கையெழுத்திட்ட சீட்டின் படத்தைச் செய்திச் செயலி வழியாக நோயாளிக்கு அனுப்ப அனுமதிக்கிறது. டாக்டரின் பதிவு எண், நோயாளியின் பெயர், வயது, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கடும் கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும் இப்படி எழுதவே கூடாது. அந்தச் சீட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம், கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் கொடுங்கள். சுவரில் அவருடைய சான்றிதழ் மட்டும் தொங்குவது போதாது.

*என் மகனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. மாதத்தில் ஒரு வாரம் பள்ளிக்குப் போக முடிவதில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறான் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.*
– ஒரு பழங்குடித் தாய், கூடலூர்

அம்மா, திருப்பி அனுப்பியது தவறு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, மற்ற ரத்த நோய்களான தலசீமியாவோடும் ஹீமோபிலியாவோடும் சேர்த்து. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மகனின் ரத்தப் பரிசோதனை முடிவு, இதுவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதிகள், ரத்தம் ஏற்றிய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். மறுபடியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மதிப்பீடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு மகனுக்குத் தகுதி உண்டு. ஆனால் அரசு வேலையில் இருக்கும் 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்த நோய்களைச் சேர்க்கவில்லை. பிரிவு 34-ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. படிக்க இடம் கொடுத்துவிட்டு வேலையில் கதவைச் சாத்துவது என்ன நியாயம்? பனியரும் இருளரும் குறும்பரும் வாழும் இந்த மாவட்டத்தில் இந்த நோயை அறியாத சுகாதாரப் பணியாளர் இருக்க மாட்டார். 2047-க்குள் இதை ஒழிப்போம் என்று 2023 ஜூலை 1-ல் ஒன்றிய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதனை செய்வது நல்லது, மிகவும் நல்லது. இப்போது நோயோடு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். பிரிவு 34-ஐத் திருத்தச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும்.

*நான் ஸ்டாஃப் நர்ஸ். 34 வயது. இனிமேல் சட்டம் படிக்க முடியுமா?*
– ஒரு செவிலியர், உதகை

பி.எஸ்சி. நர்சிங் பட்டம் இருந்தால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்காது. கல்லூரிக்கு நேரில் போக வேண்டும், அதனால் வேலையை விடவோ நீண்ட விடுப்பு எடுக்கவோ நேரும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், வார்டில் பத்து வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தவர் இந்தத் துறைக்கு வந்தால் நான் என் மேசையில் பாதியைக் கொடுப்பேன்.

*இந்தத் துறையில் வருமானம் எப்படி?*
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், வெலிங்டன்

முதல் ஐந்து வருடம் கஷ்டம். நான் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தித்தான் வாடகை கட்டினேன். மருந்து கம்பெனி, பெரிய மருத்துவமனை என்று நகரத்துக்குப் போகிறவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். மலையிலேயே இருந்து செய்தால் குடும்பம் நடத்தலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். நான் வைத்தேன்.

*உங்களை நேரில் பார்க்க வேண்டும். விலாசமும் போன் நம்பரும் பத்திரிகையில் போடலாமே?*
– பல வாசகர்கள்

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. அதனால் போட முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைவிட நல்ல வழி ஒன்று சொல்கிறேன். உதகை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மலை இறங்கி ஏறி வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள், மை கரைந்துவிடும்.